பிறர் மனையில் நிற்கும் மரம்

தமிழ் நூல்களில் மரம் காத்த செய்திகள் பல உண்டு. பண்டை மன்னர் தத்தமக்கு உரிய காவல் மரத்தைக் கண்ணெனப் போற்றினர். பகைவரின் காவல் மரத்தை வெட்டி வீழ்த்துவது வெற்றிக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. கோயில்தோறும் தலமரம் ஒன்று உண்டு. முன்னது அரசனுடையது, பின்னது இறைவனுடையது. இவற்றைப் பற்றிய பொழிவுகளை நேயர்கள் முன்னரே கேட்டிருப்பீர்கள். இன்று நான் பேசப் புகுவது அத்தகைய பெருமை ஏதும் இல்லாத மரத்தைப் பற்றி. ஒரு குடும்பத்தார் விலை கொடுத்து வாங்கிய மனையில், பாட்டனார் நட்டுவைத்த வேம்பு ஒன்று நிற்கிறது. அல்லது அவருக்கும் முற்பட்ட புளி ஒன்று நிற்கிறது. வீடு கட்டுவதற்காக அதனை வெட்டப் புகும்போது, ‘நில்’ என்று சொல்லும் உரிமை பிறருக்கு உண்டா? உண்டெனின், அவ்வுரிமை எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு வெவ்வேறு காலத்து ஆட்சியாளர் வெவ்வேறு விடை கூறியிருக்கின்றனர். அவ்விடைகளுட் சில மரத்தைக் காத்தன. சில, காப்பதாகச் சொல்லிக்கொண்டே மரத்துக்குக் கேடு செய்தன.

இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க பகுதி ஒன்று பழைய சென்னை மாகாணத்திலேயே நிகழ்ந்தது. மலபார் மாவட்டம், 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்து கேரளத்தோடு சேரும் வரையில், சென்னை ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கே மலைச் சரிவுகளில் தேக்கு செழித்து வளர்ந்தது. அக்காடுகளிற் பெரும்பகுதி ‘ஜன்மிகள்’ என வழங்கிய பரம்பரை நிலக்கிழார்களின் உடைமை. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது இங்கிலாந்து நெப்போலியனோடு நெடும் போர் நடத்திக்கொண்டிருந்தது. அந்நாட்டார் போர்க்கப்பலுக்கு நம்பியிருந்தது ஓக் மரத்தை. அம்மரம் அவர்கள் நாட்டில் அருகிவந்தது. தேக்கோ ஓக்கினும் சில வகையில் உயர்ந்தது. அதிலுள்ள எண்ணெய்ப் பசை பூச்சியை அண்டவிடாது. ஓக்கில் அடித்த இரும்பாணியை அம்மரத்தின் துவர்ப்பு அரித்துவிடும், தேக்கில் அடித்த ஆணி நெடுங்காலம் நிற்கும். பம்பாய்த் துறையில் வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தார் தேக்கினால் கட்டிய கப்பல்கள் கடற்படையாரின் நன்மதிப்பைப் பெற்றிருந்தன. 1817ஆம் ஆண்டில் அங்கே நீரில் இறக்கப்பெற்ற கப்பல் ஒன்றுக்குத் ‘திரிங்கோமலி’ என்று பெயர். நம் திருக்கோணமலையின் பெயர்தான் ஆங்கிலேயர் நாவில் அவ்வாறு திரிந்தது. மலபார்த் தேக்கினால் ஆகிய அக்கப்பல் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் இன்றும் மிதக்கிறது.

இத்தகைய மரத்தை ஜன்மிகளின் விருப்பத்துக்கு விட்டுவைக்கக் கம்பெனியார்க்கு மனமில்லை. 1806ஆம் ஆண்டில் காவல் துறையைச் சேர்ந்த காப்டன் வாட்சன் என்பவரைக் காடுகளின் காப்பாளராக நியமித்தனர். அடுத்த ஆண்டில் பறையறைவித்தனர். தேக்கு மரத்தின் மேல் முன்னாளைய மன்னர்களுக்கு இருந்த அரசுரிமை இப்போது கம்பெனியைச் சேர்ந்தது. இனி இசைவின்றி எவரும் தேக்கை வெட்டலாகாது என்பது அதன் சாரம். நிலம் யாருடையது என்ற வினாவே அதில் எழவில்லை. நிலம் ஜன்மியுடையதாகவே இருக்கலாம். அதில் நிற்கும் தேக்கு மட்டும் கம்பெனியுடையது! சில ஆண்டுகளுக்குள் வாட்சன் மலபார் முழுவதிலும் தேக்கு வாணிகத்தைத் தம் கைக்குள் அடக்கினார். கடற்படைக்கு மரம் மலிவாகவே கிடைத்தது. ஆனால் நிலக்கிழாரும் மரவணிகரும் மனம் புழுங்கினர். அவர்களுடைய முறையீடுகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகின.

1820ஆம் ஆண்டில் சென்னைக் கவர்னராக வந்த சர் தாமஸ் மன்றோ இம்முறையீடுகளுக்குச் செவிசாய்த்தார். மக்களின் உடைமையைப் பறித்து மலிவாக மரம் பெறுவதால் வரும் ஆதாயத்தைவிட, அதனால் விளையும் மனக்கசப்பின் விலை பெரிது என்பது அவர் கருத்து. நிலக்கிழாருக்கு உரிமையைத் திருப்பிக் கொடுத்தால், வாணிகப் போக்கிலேயே வேண்டும் மரம் வந்துசேரும் என்றும் அவர் நம்பினார். 1823ஆம் ஆண்டில் காப்பாளர் பதவி ஒழிக்கப்பட்டது. ஜன்மிகள் மகிழ்ந்தனர். பிறகு நிகழ்ந்தது என்ன? அடைத்து வைத்திருந்த கோடரிகள் ஒருங்கே வெளிப்பட்டன. மன்றோ குடிகளின் உள்ளத்தை நன்கு அறிந்தவர். ஆனால் மரத்தின் வயதைக் கணக்கிற் கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வணிகனுக்கு ஆதாயம் ஒரு பருவத்தில் வரும். தேக்கு முற்ற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகும். இருபது ஆண்டுக்குள் நல்ல தேக்குக்குப் பஞ்சம் வந்துவிட்டது. மலபார்க் கலெக்டர் கனோலி, 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில், நிலம்பூரில் தேக்கங்கன்றுகளை நட்டுத் தோட்டம் போடத் தொடங்கினார். அம்முயற்சியைக் கைகொடுத்து முன்னின்று நடத்தியவர் சாத்து மேனன். அவர்கள் நட்ட மரங்களுட் சில நிலம்பூரில் இன்னும் நிற்கின்றன.

மைசூரில் இதனையொத்த மற்றொரு கதை நடந்தது. அது முடிய இரு நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரம் என்று அறிவித்தார். அவருக்குப் பின் வந்த ஆட்சிகள் பலவற்றை மாற்றினும் இதனை மாற்றவில்லை. உழவனின் வேலியோரத்தில் பறவை போட்ட விதையிலிருந்து சந்தனங்கன்று முளைத்தாலும் அது அரசைச் சார்ந்தது. மரம் விற்றால் நிலத்துக்குரியவனுக்கு ஒரு பங்கு கிடைக்கும். மரம் களவுபோனாலோ விசாரணை முழுவதும் அவன் வாயிற்படியில் வந்து நிற்கும். இந்நிலையில் எந்த உழவன் அக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவான்? கன்றாக இருக்கும்போதே கிள்ளி எறிவது அவனுக்கு நிம்மதி தந்தது. கருநாடகம் 2001ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு 2002ஆம் ஆண்டிலும் சட்டத்தைத் திருத்தி, தனியார் நிலத்துச் சந்தனம் நிலத்துக்குரியவருக்கே சொந்தம் என்று ஆக்கின. வெட்டவும் விற்கவும் விதிகள் உண்டு. ஆயினும் மரம் அவருடையது. அதன் பின்னரே உழவர்கள் தாமாக முன்வந்து சந்தனம் பயிரிடலாயினர்.

தேக்கையும் சந்தனத்தையும் காத்த அச்சட்டங்கள் எல்லாம், விழுந்த பின் மரம் என்ன விலை பெறும் என்பதையே எண்ணின. நிற்கும் மரத்தை, நிற்பதற்காகவே காக்கும் எண்ணம் எப்போது சட்டத்துக்குள் புகுந்தது?

அதற்கு இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அங்கே சான்சரி நீதிமன்றத்தார் ஒரு நுட்பமான விதியைக் கையாண்டனர். தம் வாழ்நாள் அளவுக்கு மட்டும் ஒரு மாளிகையை அனுபவிக்கும் உரிமை பெற்ற பிரபு, அதன் முன்னே அழகுக்காகவும் நிழலுக்காகவும் வளர்க்கப்பட்ட மரங்களை வெட்டி விற்க முனைந்தால், நீதிமன்றம் தடுத்தது. பத்திரம் அவருக்கு எத்தனை சலுகை கொடுத்திருந்தாலும் அம்மரங்கள்மேல் கைவைக்க இயலாது. அழகு என்பதற்காக ஒரு மரத்தை நீதிமன்றம் காத்தது பெரிய செய்தியே. எனினும் அது ஊராருக்காகக் காத்தது அன்று. பின்வரும் மைந்தனுக்காகக் காத்தது. மதிலுக்கு வெளியே நடந்து செல்பவன் அம்மரத்தைக் கண்டு மகிழ்ந்தால், அது அவன் பேறு. அவனுக்கு உரிமை ஒன்றும் இல்லை.

அவ்வுரிமை பிறந்தது இருபதாம் நூற்றாண்டில். முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் நகரங்கள் நாட்டுப்புறச் சாலைகளின் வழியே கொடிபோல் நீண்டன. பழைய பண்ணைகள் மனைகளாகப் பிரிந்தன. பண்ணைக்காரர் தலைமுறை தலைமுறையாகக் காத்த மரங்கள் ஒரு மாதத்தில் மறைந்தன. 1932ஆம் ஆண்டின் நகர நாட்டுப்புறத் திட்டச் சட்டத்தில் மரங்களைக் காக்க முதன்முதலாகச் சில விதிகள் இடம்பெற்றன. 1947ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை வலுப்படுத்தியது. ஓர் ஊரின் திட்ட அதிகாரிகள், தனியார் மனையில் நிற்கும் ஒரு மரத்தையோ சோலையையோ குறிப்பிட்டு, மரக்காப்பு ஆணை பிறப்பிக்கலாம். அவ்வாறு ஆணையிடக் காரணம் ஒன்றே போதும். அது சுற்றுப்புறத்தின் இனிமை.

இங்கே நேயர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வாட்சனின் பறையறைவு மரத்தையே கம்பெனியின் உடைமையாக்கியது. இங்கிலாந்தின் ஆணை அவ்வாறு செய்யவில்லை. மரம் மனைக்காரருடையதே, பழமும் விறகும் அவருடையவே. வெட்டவோ கிளை குறைக்கவோ விரும்பினால் அவர் இசைவு கேட்க வேண்டும். இசைவு மறுக்கப்பட்டு அதனால் அவருக்கு இழப்பு நேர்ந்தால் ஈடு கேட்கவும் வழி வைத்தனர். இசைவின்றி வெட்டினாலோ தண்டம் உண்டு; அதே இடத்தில் வேறு மரம் வைக்கும் கடமையும் உண்டு. பிற்காலத்தில், மரத்தை வெட்டியதால் அம்மனைக்காரர் அடைந்த ஆதாயம் எவ்வளவு என்று பார்த்துத் தண்டத்தை விதிக்கும்படி நீதிமன்றங்களுக்குச் சட்டமே பணித்தது. இல்லையேல் தண்டம் என்பது கட்டடச் செலவுக் கணக்கில் செங்கலுக்கும் சுண்ணாம்புக்கும் அடுத்த ஒரு வரியாகிவிடும் அல்லவா?

1967ஆம் ஆண்டில் டங்கன் சாண்டிஸ் என்னும் உறுப்பினர் கொணர்ந்த சட்டம், கட்டட இசைவு அளிக்கும்போதே மரங்களைக் காப்பதற்கும் நடுவதற்கும் வேண்டியவற்றைச் செய்வது அதிகாரிகளின் கடமை என்றது. 1974ஆம் ஆண்டில், பழைமை காக்கும் வட்டாரங்களில் எந்த மரத்தை வெட்டுவதற்கும் ஆறு வாரம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்று விதித்தனர்.

மனைக்காரர் பக்கத்திலும் வழக்கு உண்டு. இலண்டனைச் சூழ்ந்த நிலம் களிமண் நிலம். வறட்சியில் வேர்கள் நீரை உறிஞ்சக் களிமண் சுருங்கும், சுவர் வெடிக்கும். 1976ஆம் ஆண்டின் கொடிய வறட்சிக்குப் பின், விரிசல் கண்ட வீடுகளுக்காகக் காப்பீட்டு நிறுவனங்களிடம் இழப்பீடு கேட்டோர் மிகப் பலர். மரத்தை விரும்புவோர் இதனைக் கேட்க விரும்புவதில்லை. ஆனால் வீட்டின் அச்சத்தை மதியாத சட்டம், மலபாரிலும் மைசூரிலும் நிகழ்ந்ததுபோல, மனைக்காரரை மரத்தின் பகைவராக்கிவிடும்.

இனி, இவ்வரலாறு நெடுங்காலம் காணத் தவறிய ஒன்றைச் சொல்ல வேண்டும். மரத்தைக் கொல்வது கோடரி என்றே சட்டம் செய்தோர் நினைத்திருந்தனர். வீடு கட்டும் இடத்தில் மரத்தைக் கொல்வது பெரும்பாலும் கோடரியன்று. வெட்டக் கூடாது என்று தடை செய்யப்பட்ட மரத்தைச் சுற்றி லாரி வருகிறது, ஜல்லி இறங்குகிறது, நிழல் இருக்கிறதே என்று சிமெண்டு மூட்டைகளை அதன் அடியிலேயே அடுக்குகின்றனர். கலவை போட்ட பாண்டுகளைக் கழுவிய நீர் அங்கேயே ஊற்றப்படுகிறது. மழைநீர் தேங்காமல் இருக்க மனையை உயர்த்துவோம் என்று இரண்டடி மண் கொட்டுகின்றனர். பிறகு குழாய் புதைக்க ஒரு பள்ளம். இவற்றுள் ஒன்றேனும் மரத்தை வெட்டுவது ஆகாது. சட்டப்படி குற்றம் ஏதும் இல்லை. வீடு எழும்புகிறது, புதுமனை புகுவிழா நடக்கிறது, விருந்தினர் எல்லோரும் மரத்தை விட்டுவைத்ததற்காக வீட்டாரைப் பாராட்டுகின்றனர். இரண்டு மூன்று ஆண்டு கழித்து உச்சிக் கிளைகள் பட்டுப்போகின்றன. அப்போது எவரும் அந்தக் குழாய்ப் பள்ளத்தை நினைப்பதில்லை; பூச்சி விழுந்துவிட்டது என்பர், அல்லது வயதாகிவிட்டது என்பர்.

காரணம் வேரின் அமைப்பு. மரத்தின் வேர் கிளையைப் போலவே ஆழ்ந்து கீழே செல்கிறது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மையில் மரத்துக்கு உணவும் நீரும் தேடித் தரும் வேர்களிற் பெரும்பாலானவை நிலத்தின் மேல் இரண்டடி மண்ணுக்குள்ளேயே, கிளைகளின் விரிவையும் கடந்து படர்ந்திருக்கின்றன. வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களின் இடையே உள்ள காற்றே அதன் மூச்சு. பாரவண்டி ஏறி மண் இறுகினால் அக்காற்று வெளியேறிவிடும். மேலே புதுமண் கொட்டினால் உள்ளே செல்லாது. தச்சுவேலைக்காரர் அடிமரத்தில் ஆணி அடித்ததைக் கண்டு பதறும் நாம், பத்தடி தள்ளி நடக்கும் கொலையைக் காண்பதில்லை.

1980ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் தரநிர்ணய நிறுவனம் கட்டட வேலையும் மரங்களும் என்னும் பொருள்பற்றி ஒரு தரநூல் வெளியிட்டது. 5837 என்பது அதன் எண். அது பின்னர்ப் பலமுறை திருத்தம் பெற்றது. இன்றைய அதன் கணக்கு எளியது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவை அளந்து, அதனைப் பன்னிரண்டால் பெருக்குக. அந்த ஆரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைக. அவ்வட்டத்துக்குள் பள்ளம் தோண்டுதல், மண் கொட்டுதல், வண்டி ஓட்டுதல் எதுவும் கூடாது.

இக்கணக்கை நம் ஊர் மனைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு வேம்பின் குறுக்களவு 50 சென்டிமீட்டர் என்க. ஒருவர் இரு கைகளாலும் தழுவினால் விரல் நுனிகள் ஏறத்தாழத் தொட்டுக்கொள்ளும் பருமன். வியப்புக்குரிய பெருமரம் அன்று. பன்னிரண்டால் பெருக்கினால் ஆரம் 6 மீட்டர். வட்டத்தின் பரப்பு 113 சதுர மீட்டர். அஃதாவது ஏறக்குறைய 1,200 சதுர அடி. சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஆக, ஒரு நடுத்தர வேம்பு முழு நலத்தோடு நிற்க அரைக் கிரவுண்டு வேண்டும்! வாழ்நாள் சேமிப்பைப் போட்டு ஒரு கிரவுண்டு வாங்கியவரிடம் இதனை எப்படிச் சொல்வது? மலைச்சரிவில் நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருந்த ஜன்மியின் குறை வேறு; இவருடைய குறை வேறு. இந்த இடர்ப்பாட்டைத் தாண்டாமல் நகரத்தில் மரம் காக்கும் பேச்சு முன்னேறாது.

இந்தியாவின் சட்டங்கள் இதுவரை பெரும்பாலும் அடிமரத்தையே நோக்கி வந்திருக்கின்றன. சென்னை அரசு 1955ஆம் ஆண்டிலேயே மலைப்பகுதிகளுக்கென ஒரு மரப் பாதுகாப்புச் சட்டம் செய்தது. நீலகிரி போன்ற இடங்களில், தம் சொந்த நிலத்து மரமாயினும், குழுவின் இசைவின்றி வெட்டலாகாது என்பது விதி. மலைச்சரிவில் மண் சரிவதைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நகரங்களைப் பொறுத்தவரை மகாராஷ்டிரம் 1975ஆம் ஆண்டிலும், கருநாடகம் 1976ஆம் ஆண்டிலும், தில்லி 1994ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றின. மூன்றிலும் தனியார் மனை அடங்கும். வெட்டுவதற்கு இசைவு வேண்டும். வெட்டினால் ஈடாகக் கன்று நட வேண்டும். மகாராஷ்டிரம் 2021ஆம் ஆண்டில் மேலும் ஒரு படி சென்றது. ஐம்பது வயது கடந்த மரங்களை மரபு மரங்கள் என்று வகுத்து, அத்தகைய மரம் ஒன்றை வெட்ட நேர்ந்தால் அதன் வயது எத்தனையோ அத்தனை கன்றுகள் நட வேண்டும் என்றது. எழுபது வயது ஆலுக்கு எழுபது கன்று. கணக்கு நேர்மையாகவே தோன்றுகிறது. ஆனால் அந்த எழுபதும் அந்தத் தெருவிலேயே நடப்படுமா, நடப்பட்டால் அவற்றுக்கு யார் நீர் ஊற்றுவர் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

வெட்டுவதற்கு மாற்றாக, மரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதையும் தில்லி அரசு கைக்கொண்டது. 2020ஆம் ஆண்டில் அதற்கென ஒரு கொள்கையும் வகுத்தது. கேட்பதற்கு இதனினும் நல்ல வழி இல்லை. கட்டடமும் எழும், மரமும் பிழைக்கும். 2022ஆம் ஆண்டில் தில்லி வனத்துறையினர் உயர் நீதிமன்றத்தில் அளித்த கணக்கின்படி, அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பெயர்த்து நட்ட 16,461 மரங்களில் பிழைத்திருந்தவை 5,487. மூன்றில் ஒரு பங்கு! வேரின் பெரும்பகுதியைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு வரும் மரம் எப்படித் தழைக்கும்?

எனினும் வேரின் பக்கம் கண் திரும்பியதற்கு அடையாளம் ஒன்றும் தில்லியிலேயே கிடைக்கிறது. 2013ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லியின் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரையில் பூசியிருந்த சிமெண்டுத் தளத்தைப் பெயர்த்து எடுக்குமாறு ஆணையிட்டது. ஒரு மீட்டர் என்பது சிறிய அளவே. ஆனால் வெட்டாத மரத்துக்கும் தீங்கு உண்டு என்று அதனால் ஒப்புக்கொள்ளப்பட்டது.

அரைக் கிரவுண்டுச் சிக்கலுக்குக் கட்டடக் கலையில் வழி இல்லாமல் இல்லை. சுவர் நெடுக வானம் தோண்டினால் வேர்கள் வரிசையாக அறுபடும். அதற்கு மாறாக, வேர்களின் இடையே இடம் பார்த்துத் தூண் குழிகளை இறக்கி, தூணுக்குத் தூண் உத்தரத்தைத் தரைமட்டத்துக்கு மேலே ஓடவிட்டு, அதன்மேல் சுவர் எழுப்பலாம். உத்தரத்தின் கீழே வேர் தன் போக்கில் கிடக்கும். குழி எடுக்கும் இடத்தில் இயந்திரத்தை விட்டுக் கையால் தோண்டினால், விரல் பருமனுக்கு மேற்பட்ட வேர் தென்படும்போதே குழியைச் சற்று விலக்கிக்கொள்ளலாம். நடைபாதைக்குச் சிமெண்டு பூசாமல் செங்கல்லை மணலில் பதித்தால் நீர் இறங்கும். இவற்றுக்குச் செலவு சிறிது கூடும். ஆனால் இவை அனைத்துக்கும் முன்னே செய்யவேண்டியது ஒன்று உண்டு. வரைபடம் எழுதும் பொறியாளர் முதல் நாள் மனைக்கு வரும்போதே மரம் நிற்கும் இடத்தையும் அதன் குறுக்களவையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில், விரிவான கட்டட இசைவு கிடைத்துவிட்டால், அக்கட்டடத்துக்கு இடையூறாக நிற்கும் மரத்தை வெட்டத் தனி இசைவு வேண்டுவதில்லை. காப்பு ஆணையும் அப்போது கைகொடாது. ஆகவேதான் அத்தரநூல் மர அளவையை வரைபடத்துக்கு முன்னே வைத்தது. மரத்தைச் சுற்றிய வேலியையும் அது கடைசிக்கு விடவில்லை. செங்கல் ஏற்றிய முதல் லாரி மனைக்குள் நுழைவதற்கு முன்பே அவ்வேலி நின்றாக வேண்டும் என்றது.